பகடை உருளும் இடத்தில் ஷீட்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர், இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஆன்லைனில் ஆடப்போகிறோம். டிஎம்-ஆக (ஆட்டத்தை நடத்துபவராக) இருக்கப்போகும் நண்பன், வரைபடம் விரித்து ஆடும் ரோல்20 தளம் என்கிறான். ஒருத்தி ஏற்கெனவே டி அண்ட் டி பியாண்ட் என்ற அதிகாரபூர்வ தளத்தில் கேரக்டரைச் செய்து முடித்துவிட்டாள். இன்னொருவன் கூகுள் ஷீட்ஸ் போதும், காசு மிச்சம் என்கிறான். நான்காமவன் எதுவானாலும் சரி என்கிறான். நான் விசார்ட், அதாவது மந்திரவாதி. இதுதான் முதல் ஆட்டம். கேரக்டரின் எண்களையும் திறன்களையும் எழுதும் கேரக்டர் ஷீட்டை எதில் வைத்துக்கொள்வது?
– வாசகர், கோவை

பதில்: எதுவானாலும் சரி என்று சொல்பவனிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மூன்றாவது வாரம் ஷீட்டே இல்லாமல் வந்து நிற்பவன் அவன்தான்.

எது சிறந்தது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பகடை எங்கே உருளப்போகிறது? டிஎம் வரைபடத்தையும் கேரக்டர்களைக் குறிக்கும் டோக்கன்களையும் ரோல்20-இல் விரிக்கிறார் என்றால் பகடையும் அங்கேதான் உருள வேண்டும். ஷீட்டும் அங்கேயே இருந்தால், ஃபயர் போல்ட் என்ற மந்திரத்தின் மேல் ஒரு கிளிக் போதும். டி20 என்ற இருபது முகப் பகடை விழும், கூட்டலும் முடிந்துவிடும், விடை எல்லோர் திரையிலும் வரும். டோக்கனின் ஹிட் பாயிண்ட் (ஹெச்பி, மிச்சமிருக்கும் உயிர்) பட்டையை ஷீட்டோடு இணைத்து வைத்துவிட்டால், கோப்ளின் உங்களைக் குத்தியதும் டிஎம் அங்கேயே கழித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் டிஎம் நாற்காலியில் உட்காருகிறவன் என்பதால் சொல்கிறேன். சண்டை மணிக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம் அரக்கர்கள் இல்லை. "உனக்கு இப்போ எத்தனை ஹெச்பி?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

டி அண்ட் டி பியாண்டில் செய்துவிட்ட தோழி அதை அழிக்க வேண்டியதில்லை. பியாண்ட்20 என்று இலவச எக்ஸ்டென்ஷன் ஒன்று இருக்கிறது, குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் போட்டுக்கொள்ளலாம். பியாண்ட் ஷீட்டில் கிளிக் செய்தால் பகடை ரோல்20-இல் விழும். ஆனால் இது கணினி பிரவுசருக்கான ஏற்பாடு. அவர் போனில் பியாண்ட் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுபவர் என்றால் இது உதவாது. ஷீட்டைப் பார்த்துப் படிக்கலாம், பகடையை ரோல்20-இல் தனியாக உருட்ட வேண்டும்.

அடுத்து, விசார்ட் ஆடும் உங்களுக்கு. மூன்றாவது லெவலில் உங்கள் இன்டலிஜென்ஸ் 16 என்று வையுங்கள். அதிலிருந்து வரும் கூட்டல் எண்ணான மாடிஃபயர் +3, லெவலைப் பொறுத்த புரொஃபிஷியன்சி போனஸ் +2. ஸ்பெல் (மந்திர) தாக்குதல் +5. எதிரி உங்கள் ஸ்பெல்லைத் தாங்க எடுக்க வேண்டிய எண் 8+2+3, அதாவது 13. நான்காவது லெவலில் இன்டலிஜென்ஸை 18 ஆக்குகிறீர்கள். மாற்றியது ஓர் எண்ணைத்தான். ஆனால் தாக்குதல் +6 ஆகிறது, 13 என்பது 14 ஆகிறது, இன்டலிஜென்ஸ் சேவ் (தற்காப்பு உருட்டல்) ஏறுகிறது, ஆர்கானா, ஹிஸ்டரி, இன்வெஸ்டிகேஷன் ஆகிய திறன்கள் எல்லாம் ஒன்று ஏறுகின்றன. பழைய பதிப்பான 2014 விதிப்படி ஆடினால் தயார் செய்து வைக்கும் ஸ்பெல்களின் எண்ணிக்கையும் 6-லிருந்து 8 ஆகிறது. சும்மா நிரப்பும் பீடிஎஃப்பில் இத்தனையையும் நீங்களே தேடிப்பிடித்துத் திருத்த வேண்டும். நல்ல ஃபார்முலா போட்ட கூகுள் ஷீட் பாதி வேலையைச் செய்யும். பியாண்டும் ரோல்20-உம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் செய்துவிடும். வாள் பிடிக்கும் ஃபைட்டருக்கு இது பெரிய விஷயமில்லை. மந்திரம் போடுபவர்களுக்குத் தானாகக் கணக்குப் போடும் ஷீட் அவசியம் என்பது என் கட்சி.

அதற்காக முதல் நாளே அதில் குதிக்க வேண்டாம். அதிகாரபூர்வ ஷீட் பீடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கிறது. முதல் லெவல் விசார்டை ஒரே ஒரு தடவை கையால் எழுதுங்கள். இரண்டு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு), நாலைந்து கூட்டல், அவ்வளவுதான். அந்த +5 எங்கிருந்து வந்தது என்று பியாண்டைக் கேட்டால் பிரித்துக் காட்டும். கேட்கத் தோன்றுவதற்கே ஒரு தடவை எழுதிப் பார்த்திருக்க வேண்டும். எழுதியதை அப்புறம் ரோல்20-இல் ஏற்றுங்கள்.

இன்னொன்று. தானாகக் கணக்குப் போடும் ஷீட்டை நடத்துபவர் நினைத்தால் தானாக மாற்றவும் முடியும். 2024 ஆகஸ்டில் இது நடக்க இருந்தது. புதிய விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வரும்போது, பழைய ஷீட்களில் உள்ள ஸ்பெல்களும் மந்திரப் பொருள்களும் புதிய விதிக்கு மாறிவிடும் என்று டி அண்ட் டி பியாண்ட் அறிவித்தது. நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டங்களின் கதி என்ன என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதும் நல்லதுதான், கொதித்ததும் நல்லதுதான். நீங்கள் செய்ய வேண்டியது, லெவல் ஏறும் ஒவ்வொரு முறையும் ஷீட்டைப் பீடிஎஃப்பாக இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பது. 2014 விதியா, 2024 விதியா என்று டிஎம்மிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ஐந்து பேரில் ஒருவர் வேறு பதிப்பில் கேரக்டர் செய்துகொண்டு வந்தால் முதல் ராத்திரி முழுக்கப் பஞ்சாயத்துதான்.

கேள்வி: மாணவி. புத்தகம் வாங்கக் காசில்லை. இலவசமாக எவ்வளவு தூரம் போக முடியும்?
– வாசகி, திருச்சி

பதில்: ரொம்ப தூரம். டி அண்ட் டி பியாண்டில் இலவசக் கணக்கில் 6 கேரக்டர் வரை வைத்துக்கொள்ளலாம். அடிப்படை விதிகள் இலவசம். அதில் வகுப்புக்கு ஓர் உட்பிரிவுதான் வரும்: ஃபைட்டர் என்றால் சாம்பியன், ரோக் என்றால் தீஃப், கிளரிக் என்றால் லைஃப். முதல் ஆட்டத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும்.

காசு செலவழிக்கும் முன் உங்கள் டிஎம்மை ஒரு வார்த்தை கேளுங்கள். பியாண்டில் மாஸ்டர் சந்தா வைத்திருக்கும் ஒருவர், தான் வாங்கிய புத்தகங்களைத் தன் கேம்பெயினில் (தொடர் ஆட்டத்தில்) இருக்கும் எல்லோருக்கும் பகிர முடியும். ஒரே புத்தகத்தை ஆளுக்கொன்று வாங்கிவிட்டு அப்புறம் இது தெரிந்து தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஷிப்டு வேலை. ஒரே நேரத்தில் எல்லோரும் கூட முடியாததால் டிஸ்கார்டில் எழுதி எழுதியே ஆடுகிறோம். வரைபடம் கிடையாது. எங்களுக்கு எந்த ஷீட்?
– வாசகர், துபாய்

பதில்: உங்கள் பகடை டிஸ்கார்டில் உருள்கிறது. ஆகவே ரோல்20 உங்களுக்குத் தேவையே இல்லை. அவ்ரே என்ற பாட் (bot) ஒன்றை, அதாவது தானாக வேலை செய்யும் நிரலை, உங்கள் சர்வரில் சேருங்கள். டி அண்ட் டி பியாண்ட், டைஸ்கிளவுட் என்ற ஷீட் தளம், அதற்கென்றே செய்த கூகுள் ஷீட் ஆகிய மூன்றிலிருந்தும் அது கேரக்டரை எடுத்துக்கொள்ளும். ஸ்டெல்த் செக் (ஒளிந்துகொள்ளும் முயற்சி) வேண்டுமென்று ஒரு வரி தட்டினால் உங்கள் போனஸைச் சேர்த்து உருட்டிவிடும். கேரக்டர் ஒளிந்துகொண்ட செய்தி நீங்கள் தூங்கி எழுவதற்குள் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஷீட்டில் எதையாவது மாற்றினால், அவ்ரேயில் அப்டேட் கட்டளையை மறக்காமல் கொடுங்கள். இல்லையென்றால் அது பழைய எண்ணையே வைத்து உருட்டிக்கொண்டிருக்கும்.

காசு மிச்சம் பிடிக்க நினைக்கும், கோவை வாசகரின் நண்பரும் இந்த வழியைக் கேட்டுக்கொள்ளலாம். கூகுள் ஷீட் உண்மையில் பொருந்துவது இந்த மாதிரி ஆட்டத்துக்குத்தான்.

கேள்வி: நாங்கள் பாத்ஃபைண்டர் என்ற வேறோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்புக்கு மாறுகிறோம். பழைய ஷீட் உதவுமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: உதவாது, எல்லாம் புதிது. பாத்பில்டர் என்ற செயலியில் கேரக்டரைச் செய்யுங்கள். இலவசமாகவே முக்கால்வாசி வேலை முடியும். பாத்ஃபைண்டரில் ஏறத்தாழ ஒவ்வொரு லெவலிலும் ஏதாவது ஒரு ஃபீட் (சிறப்புத் திறன்) பொறுக்க வேண்டியிருக்கும், அதைத் தாளில் செய்வது தண்டனை. விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் இலவசமாக, சட்டப்படியே இருக்கின்றன. உங்கள் டிஎம் ரோல்20 மாதிரியான ஃபவுண்ட்ரி வைத்திருந்தால், பாத்பில்டரிலிருந்து அதற்குள் இறக்கும் மாட்யூலும் உண்டு. ஃபவுண்ட்ரிக்கு 50 டாலர், ஒரே தடவைதான், அதையும் டிஎம் மட்டும் கட்டினால் போதும். ஆட்டக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவருக்கு வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் தாளில்தான் எழுதுவேன், நிஜப் பகடைதான் உருட்டுவேன் என்கிறார். கேமராவில் தாளைத் தூக்கிக் காட்டுகிறார். ஒன்றும் தெரியவில்லை. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: விட்டுவிடுங்கள், எழுதட்டும். டிஎம்மிடம் அவருடைய ஹெச்பி, ஆர்மர் கிளாஸ் (அவரைத் தாக்க எட்ட வேண்டிய எண்), பாசிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கும் திறன்) மூன்றும் இருந்தால் ஆட்டம் ஓடும். வாராவாரம் தாளைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடச் சொல்லுங்கள். பகடை எப்போது பார்த்தாலும் 20 விழுந்தால் மட்டும், கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்பச் சொல்லுங்கள்.