ஓப்பன் சோர்ஸ் எக்ஸ்டென்ஷன் என்றால் பயமில்லையா?

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சின்ன மென்பொருளான எக்ஸ்டென்ஷன் பற்றி அக்கம்பக்கத்தார் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே.

பழைய வண்ணாரப்பேட்டை, ஜெராக்ஸ் கடைக்காரர்: அண்ணே, கடை சிஸ்டத்துல ஓப்பன் சோர்ஸா, மூலநிரலை யாரும் படிக்கிற மாதிரி இருக்கிறதா பார்த்துதான் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கேன். பயமில்லதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று இருந்தது. சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும். மூலநிரல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடந்தது, 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020-இல் எழுதியவர் அதை யாரென்றே தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டார். அதன்பின் குரோம் ஸ்டோரில் வந்த பதிப்பும் கிட்ஹப்பில் இருந்த நிரலும் வேறுவேறு. 2021 பிப்ரவரியில் தீநிரல் என்று கூகுளே அதை நீக்கியது.

காசிமேட்டில் மேலே இருக்கும் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடியில் இருக்கிற மீனை வாங்கி வருகிற மாதிரிதான் இது. நீங்கள் படித்த நிரல் ஒன்று, உங்கள் சிஸ்டத்தில் ஓடுவது இன்னொன்று. அப்டேட்டும் உங்களைக் கேட்காமலே வந்து இறங்கிவிடும்.

அதே கடைக்காரர்: அப்போ மூலநிரல் திறந்திருந்து என்னதான் பிரயோஜனம்?

நிறையவே இருக்கிறது. ஸ்டோரில் வந்ததையும் கிட்ஹப்பில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துதான் குட்டு வெளிப்பட்டது. உடனே பழைய சுத்தமான பதிப்பின் நிரலை எடுத்து, வேறொருவர் தனிக் கிளையாகப் பிரித்துத் தொடர்ந்தார். தளங்களின் தோற்றத்தை மாற்றும் 'ஸ்டைலிஷ்' எக்ஸ்டென்ஷன், நாம் போகிற தளங்களையெல்லாம் குறித்து அனுப்புகிறது என்று 2018-இல் தெரிந்தபோதும், கிளை பிரிந்த 'ஸ்டைலஸ்' தயாராக இருந்தது. மூடிய நிரலாக இருந்தால் கழற்றி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: நானே எழுதின எக்ஸ்டென்ஷனை ஃபயர்ஃபாக்ஸ் நிரந்தரமா ஏத்த மாட்டேங்குது. ஃபயர்ஃபாக்ஸ் கம்பெனி மொசில்லாவோட டிஜிட்டல் கையெழுத்து வேணுமாம். சிஸ்டம் என்னுது, நிரல் என்னுது, இதுல என்னண்ணே சுதந்திரம்?

உன் கோபம் நியாயம்தான் தம்பி. ஆனால் அந்தக் காலத்து சிஸ்டங்களை நான் பிரித்துப் பார்த்தவன். ஏதோ ஒரு சாஃப்ட்வேர் போட்டால் கூடவே நாலு டூல்பார் வந்து ஒட்டிக்கொள்ளும், கழற்றினாலும் போகாது. அதை அடக்கத்தான் கையெழுத்துக் கட்டாயம் வந்தது. அதற்கும் விலை உண்டு. 2019 மே மாதம் அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் மொசில்லாவின் ஒரு சான்றிதழ் காலாவதியாக, உலகம் முழுக்க ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன்கள் ஒரே நேரத்தில் செயலிழந்தன. விளம்பரத் தடுப்பானும் அதோடு போச்சு. சாவி ஒரே கையில் இருந்தால் இப்படித்தான்.

உனக்கு வழி இருக்கிறது. மொசில்லாவின் பொதுப் பட்டியலில் போடாமலே அவர்களிடம் இலவசமாகக் கையெழுத்து வாங்கலாம். இல்லையா, நிரல் எழுதுபவர்களுக்கான ஃபயர்ஃபாக்ஸ் டெவலப்பர் எடிஷனில் அந்தக் கட்டாயத்தை அணைத்துவிடலாம். அம்மா பேங்க் வேலை பார்க்கிற சிஸ்டத்தில் மட்டும் அணைக்காதே.

பெரம்பூர் வாசகி: தமிழ்ல டைப் பண்ண எக்ஸ்டென்ஷன் எது நல்லது?

எதுவும் வேண்டாம்மா. விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

திருவொற்றியூர் வாசகர்: குரோம்ல விளம்பரத்தைத் தடுக்கிற யூபிளாக் ஆரிஜின் போயிடுச்சே, பாதுகாப்புக்காகன்னு சொல்றாங்க?

பாதி உண்மை. எக்ஸ்டென்ஷன்களுக்குக் குரோம் வைத்திருக்கும் புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3-இன்படி, பக்கம் வெளியே அனுப்பும் எந்தக் கோரிக்கையைத் தடுப்பது என்று எக்ஸ்டென்ஷன் அந்த நேரத்தில் தானே முடிவெடுக்க முடியாது. விதிப் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன் பக்கத்தைப் படிப்பதை அது நிறுத்தவில்லை. திருடனுக்குக் கதவு திறந்தேதான் இருக்கிறது, காவல்காரன் கைதான் கட்டப்பட்டது. குரோமே வேண்டுமென்றால் அதே ஆசிரியரின் 'லைட்' பதிப்பு. முழுசாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ்.

மறுபடி ஜெராக்ஸ் கடைக்காரர்: சரிண்ணே, இன்னிக்கு நான் என்ன செய்ய?

போன வாரம் உங்கள் சிஸ்டத்தில் ஒரு பிடிஎஃப் எக்ஸ்டென்ஷனைப் பார்த்தேன். எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வாங்கி வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் ஆதார் எடுப்பதும் இபி பில் கட்டுவதும் அதே பிரவுசரில். முதலில் அதைத் தூக்குங்கள். மற்றதையெல்லாம் ஐகானில் ரைட் கிளிக் செய்து, 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை சாத்தின பிறகு வருகிறேன், மிச்சத்தைச் சேர்ந்து பார்ப்போம்.