அமெரிக்க பார்டர்ல டிஎன் (கனடா, மெக்சிகோ சிட்டிசன்கள் அமெரிக்கால தற்காலிகமா வேலை பாக்குற அனுமதி) வாங்கப் போறவங்க கேட்ட கேள்விகள்

அண்ணா, நான் கனடா பிஆர் (நிரந்தரவாசி), இந்தியன் பாஸ்போர்ட். அமெரிக்கால பஃபலோல ஒரு கம்பெனி ஆஃபர் குடுத்திருக்கு. பார்டர்ல இருக்குற பீஸ் பிரிட்ஜ்ல போய் டிஎன் வாங்கிட முடியுமா?

முடியாது தம்பி. டிஎன் கனடா சிட்டிசனுக்கும் மெக்சிகோ சிட்டிசனுக்கும் மட்டும்தான், அதுலயும் மெக்சிகோகாரங்க கான்சுலேட்ல விசா வாங்கிட்டுதான் வரணும், நேரா பார்டர் கவுன்டர்ல கேக்குற சலுகை நம்ம கனடா பாஸ்போர்ட்டுக்கு மட்டும். பிஆர் கார்ட எத்தனை வருஷமா வெச்சிருந்தாலும் கணக்குல வராது. சிட்டிசன்ஷிப் வர்ற வரைக்கும் ஹெச்1பி, எல்1 மாதிரி வேற அமெரிக்க வேலை விசா வழிகளத்தான் பாக்கணும்.

ஆஃபர் லெட்டர்ல 'சாஃப்ட்வேர் டெவலப்பர்'னு இருக்கு. இந்தியால மூணு வருஷ பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சேன், இப்ப கனடா சிட்டிசன். பிரச்சனை வருமா?

வரும், அதுவும் வேலை டைட்டில், டிகிரின்னு ரெண்டு பக்கமும் வரும், அதனால இத கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

டிஎன்னுக்கு ஒரு தொழில் பட்டியல் இருக்கு, 1994ல நாஃப்டாவோட (கனடா, அமெரிக்கா, மெக்சிகோ வர்த்தக ஒப்பந்தம்) வந்தது, 2020 ஜூலைல புது ஒப்பந்தம் வந்தப்பவும் அதே பட்டியல்தான் தொடர்ந்துச்சு. அதுல டெவலப்பர்னு ஒரு வேலையே கிடையாது, புரோகிராமரும் கிடையாது. நம்மாளுங்க நுழையுற கதவு ரெண்டு, ஒண்ணு இன்ஜினியர், இன்னொண்ணு கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட். இன்ஜினியர்னு போனா இன்ஜினியரிங் டிகிரி எங்கன்னு கேப்பாங்க, பிஎஸ்சிய நீட்டினா ஆபீசர் உதட்டப் பிதுக்குவார். அனலிஸ்ட்னு போனா "நாள் முழுக்க என்ன செய்வீங்க"ன்னு கேப்பாங்க, நீங்க "கோட் எழுதுவேன்"னு வாயத் தொறந்தீங்கன்னா கத முடிஞ்சுது.

டைட்டில மட்டும் மாத்தி எழுதிட்டா போதும்னு சிலர் சொல்லுவாங்க, அத நம்பாதீங்க. ஆபீசர் பாக்குறது டைட்டில் இல்ல, கீழ எழுதியிருக்குற வேலை விவரம். உங்க வேலைல பெரும்பங்கு தேவைகள அலசுறது, சிஸ்டம் டிசைன் பண்றதுன்னு நெஜமாவே இருந்தா அத கம்பெனி விளக்கமா எழுதட்டும், இல்லன்னா இல்லாதத எழுத வைக்காதீங்க. லெட்டர்ல எந்தத் தொழில் பிரிவு, என்ன வேலை, எவ்வளவு காலம், சம்பளம் எவ்வளவு, உங்க தகுதி எப்படிப் பொருந்துது, இவ்வளவும் இருக்கணும். எச்ஆர் ரெடிமேடா அனுப்புற ஒரு பக்க ஆஃபர் லெட்டர எடுத்துட்டுப் போய் திரும்பி வந்தவங்க நெறைய பேர்.

அடுத்தது டிகிரி. இந்திய மூணு வருஷ பிஎஸ்சிய சில மதிப்பீட்டு நிறுவனங்க இங்கத்த நாலு வருஷ பேச்சுலர்ஸுக்கு சமம்னு ஒத்துக்க மாட்டாங்க, அதனால ரிப்போர்ட்ட முன்னாடியே வாங்கிப் படிச்சுட்டு அப்புறம் கெளம்புங்க. அனலிஸ்ட் பிரிவுல டிகிரிக்குப் பதிலா டிப்ளமோவும் மூணு வருஷ அனுபவமும் இருந்தாலும் போதும், ஆனா அந்த டிப்ளமோ கனடா இல்ல அமெரிக்கால வாங்கினதா இருக்கணும். ஊர் பாலிடெக்னிக் இங்க செல்லாது.

ஏர்போர்ட்டா, தரைவழியா, எது நல்லது?

டொராண்டோ பியர்சன் மாதிரி ப்ரீகிளியரன்ஸ் இருக்குற ஏர்போர்ட்ல அமெரிக்க ஆபீசர கனடா மண்ணுலயே பாத்துடலாம், இல்லன்னு சொன்னாலும் நீங்க இன்னும் கனடாலதான் நிக்கிறீங்க. ஆனா ஃப்ளைட் டைம் மண்டைக்குள்ள டிக் டிக்னு அடிச்சுட்டே இருக்கும், அந்த அவசரத்துல பதில் சொல்றது எனக்குப் புடிக்காது. நான் சொல்றது தரைவழி, வேலை நாள்ல, காலைல. மொத பூத்லயே "டிஎன் அப்ளை பண்ண வந்திருக்கேன்"னு சொல்லிடுங்க, உள்ள அனுப்புவாங்க. டிஎன் ஃபீஸ் 50 அமெரிக்க டாலர், ஐ-94க்கு (எந்தத் தேதி வரைக்கும் தங்கலாம்னு காட்டுற அமெரிக்க நுழைவுப் பதிவு) தனியா கட்டணும்.

போன மாசம் ரெயின்போ பிரிட்ஜ்ல ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. வேற பிரிட்ஜ்ல போய்ப் பாக்கலாமா?

அதே பேப்பரத் தூக்கிட்டா? வேணாம். மொத ஆபீசர் என்ன எழுதினாரோ அது அடுத்த பிரிட்ஜ் கம்ப்யூட்டர்லயும் தெரியும். ஒரு தடவ மறுத்துட்டாங்கங்கறதுக்காக வாசல் மூடிடாது, எதுக்கு மறுத்தாங்களோ அதச் சரி பண்ணிட்டு தாராளமா போங்க. "முன்னாடி மறுத்திருக்காங்களா"ன்னு கேட்டா ஆமான்னுதான் சொல்லணும். மறுப்பு வந்தா லெட்டர மாத்தி எழுதலாம், நீங்க பொய் சொன்னீங்கன்னு எழுதிட்டாங்கன்னா அமெரிக்கா பக்கமே வாழ்நாள் தடை வரலாம்.

மனைவி இன்னும் இந்தியன் பாஸ்போர்ட்தான். கூடவே கூட்டிட்டுப் போலாமா?

உங்கள மாதிரி பார்டர்ல வந்து நின்னு வாங்க முடியாது. அவங்க கனடா சிட்டிசன் இல்லங்கறதால அமெரிக்க கான்சுலேட்ல டிடி விசா (டிஎன்காரங்க குடும்பத்துக்கான விசா) ஸ்டாம்ப் பண்ணிட்டுதான் வரணும். நீங்க மொதல்ல டிஎன் வாங்கிட்டு, அந்த ஐ-94 காப்பியும் கல்யாண சர்டிபிகேட்டும் வெச்சு அவங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் போடுறதுதான் சுலபம். டிடில படிக்கலாம், வேலை பாக்க முடியாது. அந்த விஷயத்த வீட்ல முன்னாடியே பேசிடுங்க, அங்க போனதுக்கப்புறம் பேசினா வேற மாதிரி ஆயிடும்.

எத்தனை வருஷம் இருக்கலாம்?

ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூணு வருஷம், புதுப்பிக்கிறதுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆனா தற்காலிகமாத்தான் போறேன்னு ஆபீசர் நம்பணும், அதனால கவுன்டர்ல நின்னுட்டு கிரீன் கார்ட் கனவெல்லாம் அவுத்து விடாதீங்க.

மூணு வருஷம் கேட்டேன், ஐ-94ல பதினெட்டு மாசம்தான் போட்டிருக்காங்க. தப்பா?

மொதல்ல உங்க பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு பாருங்க. பெரும்பாலும் அந்தத் தேதியோட நிறுத்திடுவாங்க, அப்படின்னா அது தப்பு இல்ல, புது பாஸ்போர்ட் எடுத்துட்டு அந்தத் தேதிக்கு முன்னாடி திரும்ப அப்ளை பண்ணணும். பாஸ்போர்ட்ல வருஷம் மிச்சம் இருந்தும் கம்மியா இருந்தா லெட்டர்ல என்ன காலம் போட்டிருக்குன்னு பாருங்க, அதுவும் சரியா இருந்தா டிஃபர்டு இன்ஸ்பெக்ஷன் ஆபீஸ்ல (நுழைவுப் பதிவுல வந்த தப்பத் திருத்துற அமெரிக்க ஆபீஸ்) திருத்தச் சொல்லலாம். உள்ள நுழைஞ்ச அன்னிக்கே ஆன்லைன்ல ஐ-94 எடுத்துப் பாத்துடுங்க, பாஸ்போர்ட் ஸ்டாம்ப்ல ஒரு தேதி, ஆன்லைன்ல இன்னொரு தேதின்னு இருந்தா அன்னிக்கே கவனிக்கிறது ஈஸி, ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா தலைவலி.