கோர்ட்டில் சும்மா உட்கார்ந்து கேஸ் பார்க்கலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: “எனக்குக் கேஸ் எதுவும் இல்லை. கிருஷ்ணகிரி கோர்ட்டில் விசாரணை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசை. உள்ளே விடுவார்களா? யாராவது எழுப்பிவிட்டால் என்ன சொல்வது?”

தாராளமாகப் போங்கள் சார், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. குற்ற வழக்கு விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்று குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 366-வது பிரிவு சொல்கிறது (2024 ஜூலைக்கு முன்னால் இருந்த பழைய சட்டமான சி.ஆர்.பி.சி.-யில் 327). சிவில் வழக்குக்கும் இதே மாதிரி ஒரு பிரிவு உண்டு. ஆனால் இடம் கொள்ளும் அளவுக்குத்தான் என்று சட்டமே ஒரு கொக்கி போட்டிருக்கிறது. இன்னார் வெளியே போக வேண்டும் என்று நீதிபதி உத்தரவிடவும் முடியும். சினிமாவில் வருகிற மாதிரி பார்வையாளர் மாடமெல்லாம் நம்மூரில் எதிர்பார்க்காதீர்கள். பின்னால் இரண்டு பெஞ்ச் கிடக்கும், அதிலும் வழக்குக்காக வந்த கட்சிக்காரர்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகள் மூடிய அறையில் நடக்கும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். குடும்ப நல வழக்கிலும் கணவன், மனைவி யாராவது ஒருவர் கேட்டாலே கதவைச் சாத்திவிடுவார்கள்.

எதைப் பார்ப்பது என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். காலை பத்தரைக்குப் போனால் டவாலி (கோர்ட் சேவகர்) ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், வராந்தாவிலிருந்து மஞ்சப்பையோடு ஒருவர் ஓடிவருவார், வாய்தா போடுவார்கள், அவர் திரும்பிப் போவார். ஒரு மணி நேரம் இதுவேதான், எனக்கே கொட்டாவி வரும். அது முடிகிற வரை பொறுத்திருங்கள், அப்புறம்தான் சாட்சி விசாரணை. இ-கோர்ட்ஸ் ஆப்பில் கிருஷ்ணகிரியைத் தேர்ந்தெடுத்து காஸ் லிஸ்ட் பார்த்தால் அன்றைக்கு என்னென்ன வழக்கு என்று தெரியும். என்னைக் கேட்டால் செஷன்ஸ் கோர்ட்டில் குறுக்கு விசாரணை நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

அங்கே காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி, “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு அப்படியே திண்ணையில குந்தினேனுங்க, அப்பத்தான் ஒரே சத்தம்” என்று நீட்டுவார். நீதிபதி டைப்பிஸ்ட்டிடம், “சம்பவத்தன்று மாலை நான் வீட்டிலிருந்தபோது சத்தம் கேட்டது” என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார். மாடும் திண்ணையும் போய்விடும், கடைசியில் வாதாடுவது அந்த ஒற்றை வரியை வைத்துத்தான். குறுக்கு விசாரணை முடிகிற நேரத்தில் “நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல” என்று சாட்சி மறுக்கிற வாசகம் வந்தே தீரும். எந்தக் கேஸிலும் அது தப்பாது.

போனை அணைத்துவிடுங்கள், ரெக்கார்ட் செய்வது, போட்டோ எடுப்பது கூடவே கூடாது. நீதிபதி வரும்போது எழுந்து நில்லுங்கள், கால்மேல் கால் போடாதீர்கள். வெளியே காத்திருக்கும் சாட்சியிடம் உள்ளே கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிடாதீர்கள். சாட்சியைக் கலைக்க வந்த ஆள் என்று உங்கள் மேலேயே சந்தேகம் திரும்பிவிடும். யாராவது கேட்டால் “விசாரணை பார்க்க வந்தேன் ஐயா” என்று எழுந்து நின்று சொன்னால் போதும், பெரும்பாலும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

மே மாதம் மட்டும் கிளம்பாதீர்கள், சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை.