பாரிஸில் வைத்த சிலிக்கன் பை: வெடித்திருந்தால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 45 வயது. 2008இல் பாரிஸில் இருந்தபோது மார்பைப் பெருப்பிக்க இரண்டு பக்கமும் சிலிக்கன் பை வைத்தேன். ஏன் செய்தேன் என்று மட்டும் கேட்காதீங்கோ. 2016இல் ஊருக்குத் திரும்பி இங்கேதான் கலியாணம் செய்தேன். அவருக்கு இது தெரியாது. முன்பு கட்டி எடுத்த தழும்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக இடது மார்பு கல்லுமாதிரி இறுகி, உருவமும் மாறிவிட்டது. கக்கத்தில் சின்னக் கட்டி ஒன்று தட்டுப்படுகிறது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோ என்று மட்டும் சொன்னேன், பனடோல் தந்தார்கள். பை வெடித்து உடம்பெல்லாம் விஷம் பரவிவிட்டதா? இது புற்றுநோயா? எடுப்பதற்குக் கொழும்பில் தனியாரிடம் கேட்டால், சொல்கிற காசுக்கு வயலை விற்றாலும் காணாது. அப்படியே விட்டால் என்ன? 1996இல் பட்ட ஷெல் துண்டு ஒன்றும் தொடையில் இருக்கிறது. அதனால் ஸ்கான் எடுக்கக் கூடாது என்கிறார்கள். – பெயர் வேண்டாம், விசுவமடு.

பதில்: அன்புத் தங்கச்சி, ஏன் செய்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. வைத்தியரும் கேட்க மாட்டார், கேட்டாலும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உள்ளே பை இருக்கிறது என்பதை மட்டும் அவரிடம் மறைக்கக் கூடாது. ஆறு மாதமாக உங்களுக்குச் சரியான சிகிச்சை கிடைக்காததற்கு அந்த ஒன்றுதான் காரணம். நெஞ்சு நோ என்று சொன்னால் பனடோல்தான் கிடைக்கும்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைப்போம். பை கிழிந்தால் விஷம் இரத்தத்தில் கலந்து ஆளைக் கொன்றுவிடும் என்பது உண்மையில்லை. எந்தப் பை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றித் தானாகவே ஒரு சவ்வு உறையைக் கட்டிக்கொள்ளும். பை கிழிந்தாலும் அனேகமாக சிலிக்கன் அந்த உறைக்குள்ளேயே நிற்கும். பெரும்பாலும் வெளியே ஒரு மாற்றமும் தெரியாது, நோவும் இருக்காது. உப்புத்தண்ணீர் நிரப்பிய பை என்றால் கிழிந்ததும் மார்பு வற்றிப்போகும், அந்தத் தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கன் அப்படியில்லை, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். சிலருக்கு உறையையும் தாண்டிக் கசிந்து, மார்புத் தசையிலும் கக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் போய்த் தங்கி, அங்கே கட்டிபோலத் தட்டுப்படும்.

நீங்கள் சொல்கிற கல்லுமாதிரியான இறுக்கத்துக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். சுற்றியிருக்கும் உறையே தடித்துச் சுருங்கிப் பையை நெரித்தாலும் மார்பு இறுகும், உருவம் கோணும், நோகும். வெடிப்பும் இந்தச் சுருக்கமும் சேர்ந்தும் வரும். கையால் தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய எவராலும் முடியாது.

கக்கத்துக் கட்டிதான் எனக்குக் கூடுதல் கவலை. அது சிலிக்கன் தங்கிய கணுவாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. ஆனாலும் 45 வயதுப் பெண்ணின் கக்கத்தில் கட்டி என்றால், பை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மார்புப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் வேறு கதை. சிலிக்கன் பை வைத்ததாலோ அது வெடித்ததாலோ மார்புப் புற்றுநோய் கூடும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் பை வைத்தவர்களுக்கும் மற்றப் பெண்களைப்போலவே அந்த நோய் வரலாம். இதைவிட, சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளைச் சுற்றியிருக்கும் உறையில் அபூர்வமாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. அதனால்தான் 2019 ஜூலையில் அலர்கன் கம்பனி தனது ‘பயோசெல்’ வகைப் பைகளை உலகம் முழுவதும் திருப்பி எடுத்தது. அந்த நோய் பெரும்பாலும் பை வைத்துப் பல வருடம் கழித்து ஒரு மார்பு திடீரென்று வீங்கி, உள்ளே நீர் சேருவதாக வெளிப்படும். அப்படி நீர் இருந்தால் அதை எடுத்து எறியாமல், இந்த நோயைக் கண்டறிய உதவும் ‘சி.டி. 30’ சோதனைக்கு ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் பையையும் உறையையும் எடுப்பதோடு பெரும்பாலும் குணமாகிவிடும்.

இனி 2008, பாரிஸ். இந்த இரண்டையும் சேர்த்து வாசித்ததும் எனக்கு ‘பிப்’ கம்பனிதான் நினைவுக்கு வந்தது. பிரான்சின் தென்பகுதியில் இருந்த அந்தக் கம்பனி, மருத்துவத்துக்கென்று அனுமதித்த சிலிக்கனுக்குப் பதிலாக, தொழிற்சாலை வேலைகளுக்கான மலிவுச் சிலிக்கனை நிரப்பிப் பைகளை விற்றது. 2010இல் அது பிடிபட்டு, விற்பனை நின்றது. பிரான்சில் மட்டும் கிட்டத்தட்ட 30,000 பெண்களுக்கு அந்தப் பைகள் வைக்கப்பட்டிருந்தன. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு அவற்றை எடுத்துவிடும்படி சொன்னது. 2013இல் கம்பனியை நிறுவியவருக்கு நீதிமன்றம் நாலு வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது. இங்கிலாந்தில் 2012இல் சேர் புரூஸ் கியோ தலைமையில் ஆராய்ந்த குழு, அந்தச் சிலிக்கனால் புற்றுநோய் வருவதற்கோ அது நஞ்சு என்பதற்கோ சான்றில்லை என்று சொன்னது. ஆனால் மற்றப் பைகளைவிட 2 முதல் 6 மடங்கு கூடுதலாக அவை வெடிக்கின்றன என்றும் சொன்னது. உங்களுடையதும் பிப் பைதான் என்று நான் சொல்லவில்லை. அதை அறிந்துகொள்வது நல்லது.

அதற்கு வழி இருக்கிறது. பை வைத்தபோது கம்பனிப் பெயரும் தொடர் இலக்கமும் எழுதிய அட்டை ஒன்று தந்திருப்பார்கள். பழைய சூட்கேசில் கிடக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால், பிரான்சில் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் நோயாளியின் கோப்பைக் கடைசியாகப் போன நாளிலிருந்து 20 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. நீங்களே கடிதம் எழுதலாம். அங்கே நம்பிக்கையான ஆள் இருந்தால் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் உங்கள் அடையாள அட்டையின் பிரதியும் அனுப்பி எடுக்கலாம். 2008 என்றால் அந்த 20 வருடமும் முடிய இன்னும் அதிக காலம் இல்லை. பிந்தாதேங்கோ.

ஸ்கான் விஷயத்துக்கு வருகிறேன். இது உங்களுக்கு மட்டுமல்ல, வன்னியில் எத்தனையோ பேருக்குத் தேவையான தகவல். வெடிப்பை மிகத் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. அந்த மெசின் பெரிய காந்தம். உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் பக்கம் என்றால் மிக ஆபத்து. தொடைத் தசையில் ஏறக்குறைய 30 வருடமாக இறுகிக் கிடக்கும் துண்டு என்றால், முதலில் எக்ஸ்ரே எடுத்து அது எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்த்துவிட்டு, கதிரியக்க நிபுணர் முடிவு சொல்வார். ஆகவே எடுக்கவே கூடாது என்பதும் சரியில்லை, சொல்லாமல் போய்ப் படுப்பதும் சரியில்லை. மற்றது, உங்களுக்கு முதல் ஸ்கானாக எம்.ஆர்.ஐ.தான் வேண்டும் என்றில்லை. சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் காந்தம் இல்லை, ஷெல் துண்டு அதற்குத் தடையும் இல்லை. மார்பையும் கக்கத்தையும் அதிலேயே பார்க்கலாம், கசிந்த சிலிக்கன் கணுவில் இருந்தாலும் அதில் தெரியும். மமோகிராம், அதாவது மார்பு எக்ஸ்ரே, எடுக்கச் சொன்னால், படம் எடுப்பவரிடம் பை இருப்பதை முதலே சொல்லுங்கள். அதற்கென்று பையைப் பின்னுக்குத் தள்ளிப் படம் எடுக்கும் முறை உண்டு. கட்டியில் ஊசி போட்டு எடுப்பதென்றாலும் ஸ்கானில் பார்த்துக்கொண்டேதான் போட வேண்டும். சொல்லாமல் விட்டால் ஊசி பையையே குத்திவிடும்.

அப்படியே விட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வெடிப்பு மட்டும் என்றால் இன்றைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் நாள் போகப்போக சிலிக்கன் தசைக்குள் இறங்கும். பலாப்பழப் பால் கையில் பிடித்தமாதிரி அது ஒட்டிக்கொள்ளும், சத்திரசிகிச்சை நீளும், நல்ல தசையையும் சேர்த்து வெட்ட வேண்டி வரலாம். பை என்பது ஆயுள் முழுக்க வைத்திருக்கிற பொருள் இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே எச்சரிக்கிறது. சிலிக்கன் பை வைத்து 5, 6 வருடத்தில் ஒரு ஸ்கான், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒன்று என்பது அவர்களின் அறிவுரை. உங்களுக்கு 2008க்குப் பிறகு ஒன்றுமே எடுக்கவில்லை போலிருக்கிறது. அதனால் வெடித்தது உறுதியானால் எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

காசைப் பற்றி. தனியார் சொல்கிற தொகையில் சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து வைத்தியர், தியேட்டர், அறை, ஆய்வுகூடம் எல்லாம் அடக்கமா என்று எவரும் முதலில் சொல்ல மாட்டார்கள். பையை மட்டும் எடுப்பதா, உறையையும் எடுப்பதா, புதுப் பை வைப்பதா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். உங்களுக்குச் சொன்னதில் புதுப் பையின் விலையும் சேர்ந்திருக்கலாம். எழுத்தில் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சென்னைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், விமானச் செலவு, தங்குமிடம், கூட வருபவர் செலவு இவற்றோடு, ஊர் திரும்பிய பிறகு சீழ் வைத்தால் யார் பார்ப்பது என்பதையும் யோசியுங்கள்.

ஆனால் வயலை விற்கிற பேச்சே வேண்டாம். வெடித்த பையை எடுப்பது அழகுக்கான வேலை இல்லை, நோய்க்கான சிகிச்சை. அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள், அங்கே பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. சோதனையில் புற்றுநோய் என்று வந்தால் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை உண்டு. காத்திருக்க வேண்டி வரும், அதை மறைக்கவில்லை. திரும்பப் புதுப் பை வைத்துத் தர மாட்டார்கள், அதையும் எதிர்பார்க்காதேங்கோ. பிப் பை என்று தெரிந்தால், எடுக்கும் செலவைப் பிரெஞ்சு மருத்துவக் காப்புறுதி ஏற்ற காலம் ஒன்று இருந்தது. உங்கள் பழைய காப்புறுதி அட்டைக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று அங்கே உள்ள உறவினர் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. எதற்கும், எடுத்த பையைப் படம் பிடித்து, கம்பனிப் பெயரையும் இலக்கத்தையும் குறிப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கிளினிக்கில் எல்லாருக்கும் முன்னால் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் இருக்கும். நாலு பேர் வரிசையில் நிற்க, திரைக்கு இந்தப் பக்கம் நின்று கதைக்க வேண்டிய நிலைமை நம் ஆஸ்பத்திரிகளில் உண்டுதான். ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: ‘2008இல் இரண்டு மார்பிலும் சிலிக்கன் பை. இடது பக்கம் ஆறு மாதமாக இறுக்கம். இடது கக்கத்தில் கட்டி. தொடையில் ஷெல் துண்டு.’ அதை அப்படியே வைத்தியரிடம் நீட்டுங்கள். எந்தப் பக்கக் கக்கம் என்று நீங்கள் எழுதவில்லை, சரியானதை எழுதுங்கள். பெண் வைத்தியர் வேண்டும் என்றோ, பரிசோதிக்கும்போது பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்றோ கேட்கலாம்.

சத்திரசிகிச்சை முழு மயக்கத்தில் நடக்கும். சில நாள் ஒரு சின்னக் குழாய் வைத்து நீரை வடிய விடுவார்கள். பிறகு நாலு முதல் ஆறு கிழமைக்குத் தண்ணீர்க் குடம், நெல்மூட்டை தூக்குவது, கிணற்றில் அள்ளுவது, அந்தக் குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் ஸ்கூட்டி ஓடுவது எதுவும் கூடாது. அறுவடைக் காலத்தைத் தவிர்த்து நாள் கேட்க முடிந்தால் கேளுங்கள். காய்ச்சல், காயத்தில் சிவப்பு, திடீர் வீக்கம், சீழ் வந்தால் கிளினிக் நாள்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். மார்பு முன்பைவிடச் சிறிதாக, கொஞ்சம் தொய்ந்து இருக்கும். உள்ளே பஞ்சு வைத்த பிரா போட்டால் சட்டைக்குமேல் வித்தியாசம் தெரியாது.

வீட்டுக்காரர் விஷயம். சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் வைப்பது நீங்கள்தான், அவர் இல்லை. அவருக்கு வைத்தியர் ஒன்றும் சொல்லவும் கூடாது. ஆனால் வார்ட்டில் நாலைந்து நாள், வீட்டில் ஒன்றரை மாதம் என்றால் அவருக்குத் தெரியாமல் ஒளிப்பது கஷ்டம், அந்தப் பாரமே உங்களைப் படுத்திவிடும். ஸ்கான் முடிவு கையில் வந்த பிறகு, முதலில் நோயைச் சொல்லுங்கள்: உள்ளே வைத்த பை பழுதாகிவிட்டது, எடுக்க வேண்டும். கேள்விகள் பிறகு வரட்டும். தனியாகச் சொல்லத் துணிவில்லை என்றால், உங்கள் பிரிவுக் குடும்பநல மாதுவையோ கிளினிக் தாதியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம். ஆனால் கக்கத்துக் கட்டியைக் காட்ட இந்தக் கதை முடியும்வரை காத்திருக்காதேங்கோ. இந்தக் கிழமையே போங்கோ.