தனி டம்ளரைப் பற்றி மகள் கேட்டால் என்ன சொல்வது?

முதலில், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கென்று தனியாக வைத்திருக்கும் அந்த டம்ளரை எடுத்துவிடுங்கள். விளக்கம் அப்புறம். ஐந்து வயதுப் பிள்ளை காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதைத்தான் நம்பும்.

"வேலைக்கு வர்ற அக்காவுக்கு மட்டும் ஏன் வேற டம்ளர்?" என்று கேட்டவளுக்கு, "அது அப்படித்தான்" என்றிருக்கிறீர்கள். மறுவாரமே அவள் அந்த அக்காவை "கீழே உட்காருங்க" என்றிருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுப்படி ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளர் தினமும் சொல்லித்தந்திருக்கிறது.

ஒரு வாரம் செய்து பாருங்கள்: எல்லாருக்கும் ஒரே எவர்சில்வர் டம்ளர், எல்லாருக்கும் நாற்காலி. பணியாரத் தட்டை மகள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் பேச்சு மாறுகிறதா என்று கவனியுங்கள். மறுபடி கேட்டால், "நாம செஞ்சது தப்பு, இனி செய்ய மாட்டோம்" என்று நேராகச் சொல்லுங்கள்.

மீனாட்சி கோயிலுக்குப் போகும்போது இதையும் சொல்லலாம்: ஒரு காலத்தில் சாதியைச் சொல்லிச் சிலரை உள்ளே விடவே இல்லை. 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர்தான், அப்படித் தடுக்கப்பட்டிருந்த கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். என் பையன் இதைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்று, "அதுவரைக்கும் அவங்க எங்க நின்னாங்க?" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஒன்றில் மட்டும் கவனம். மாமியாரிடம் பிள்ளை முன்னால் சண்டை போடாதீர்கள், தனியாகப் பேசுங்கள். அவர் ஒத்துக்கொள்ளும்வரை டம்ளர் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அக்காவிடமும் தனியாக மன்னிப்புக் கேளுங்கள். மகளுக்குப் பாடம் நடத்த அவரை முன்னால் நிறுத்த வேண்டாம்.