சில செயற்கைக்கோள் படங்கள் தெளிவாகவும் சில மங்கலாகவும் இருப்பது ஏன்? வேண்டுமென்றே மங்கலாக்குகிறார்களா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கூகுள் மேப்பில் நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிவரை தெரிகிறது. புயல் நேரத்தில் டிவியில் காட்டுகிற படத்தில் சென்னை எது, கடலூர் எது என்றே பிடிபடுவதில்லை. இரண்டும் மேலிருந்து எடுத்தவைதானே, எதையாவது மறைக்கிறார்களா?

மறைப்பதும் கொஞ்சம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் பெரியப்பாவின் கிணறு.

2006 வாக்கில் வரைபட வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்தேன். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் எதில் தண்ணீர் நிற்கிறது, எதில் கருவேலம் மண்டிவிட்டது என்று படத்தைப் பார்த்துக் குறிக்கிற வேலை. இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட்-1 எடுத்த படம். எங்கள் ஊரும் அதற்குள் வந்ததால் ஒரு பிரிண்ட் போட்டுப் பொங்கலுக்குக் கொண்டுபோனேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம கெணறு எங்கடா?" என்றார். காட்ட முடியவில்லை. அடுத்து, "வயலெல்லாம் ஏன் செவப்பா கெடக்கு? கருகிப்போச்சா?"

அந்தப் படத்தில் ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளி, தரையில் 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர். நம் கணக்கில் சொன்னால், பதின்மூன்றரை சென்ட் நிலம் முழுவதும் சேர்ந்து ஒரே ஒரு புள்ளி, அதற்கு ஒரே ஒரு நிறம். பெரியப்பாவின் கிணறு பன்னிரண்டு மீட்டர் அகலம் இருக்கும். அந்தப் புள்ளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். சுற்றியுள்ள வரப்பு, தென்னை, மோட்டார் ரூம் எல்லாவற்றோடும் கலந்து காணாமல் போய்விட்டது. எத்தனை தடவை ஜூம் செய்தாலும் புள்ளி பெரிதாகுமே தவிர கிணறு வராது.

இதே கணக்கை மற்றவற்றுக்கும் போட்டுப் பாருங்கள். 1972-ல் போன அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளில் ஒரு புள்ளி சுமார் 80 மீட்டர், ஒன்றரை ஏக்கருக்கும் மேல். ஐரோப்பாவின் சென்டினல்-2-ல் 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். 2014-ல் போன அமெரிக்கத் தனியார் செயற்கைக்கோள் வேர்ல்டுவியூ-3-ல் 31 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சதுர அடி! தண்ணீர்த் தொட்டி தெரிவது இந்த மாதிரிப் படத்தில்தான். நம் கார்ட்டோசாட்-3-ம் (2019) இதே வரிசைதான். சினிமாவில் விண்வெளியிலிருந்து கார் நம்பர் பிளேட்டைப் படிப்பார்களே, அது நடக்காது. பிளேட்டே அரை மீட்டர் நீளம்தான், இரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

டிவியில் வரும் புயல் படம் வேறு ஜாதி. இன்சாட்-3டிஆர் போன்ற வானிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டரில், நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றுகின்றன. பகல் வெளிச்சப் படத்தில் ஒரு புள்ளி 1 கிலோமீட்டர், இரவிலும் வேலை செய்யும் வெப்பப் படத்தில் 4 கிலோமீட்டர். தி.நகர் முழுக்க ஒரு புள்ளிக்குள் போய்விடும். நல்ல கேமரா வைத்தால் என்ன என்று தோன்றும். வேர்ல்டுவியூ-3 இருப்பது 617 கிலோமீட்டர் உயரத்தில், அதன் தொலைநோக்கி 1.1 மீட்டர் அகலம். ஒளியின் இயல்புப்படி அந்த அகலத்துக்கு அந்தத் தூரத்திலிருந்து கிடைக்கக்கூடிய நுணுக்கத்தை ஏறக்குறைய முழுதாகப் பிழிந்தெடுத்துவிட்டார்கள். 36,000 கிலோமீட்டர் என்பது அதைப்போல் 58 மடங்கு. அதே தெளிவு அங்கிருந்து வேண்டுமென்றால் கண்ணாடியும் 58 மடங்கு, அதாவது 64 மீட்டர் அகலம் வேண்டும். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடியே 2.4 மீட்டர்தான்.

சரி, தாழப் பறந்தே எல்லாவற்றையும் எடுக்கலாமே? தாழப் பறப்பது ஓரிடத்தில் நிற்காது, நொடிக்குச் சுமார் ஏழு கிலோமீட்டர் ஓடும். நுணுக்கம் கூடக்கூடப் பார்க்கும் பட்டை குறுகும். கார்ட்டோசாட்-3 ஒரு ஓட்டத்தில் பார்ப்பது 16 கிலோமீட்டர் அகலம், சென்டினல்-2 பார்ப்பது 290 கிலோமீட்டர். அதனால்தான் சென்டினல் ஜோடி ஐந்து நாளுக்கொரு தடவை உங்கள் வயலுக்கு மேல் வந்துவிடுகிறது. இன்சாட்டோ அரை மணிக்கொரு படம் தருகிறது. புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறவருக்குத் தண்ணீர்த் தொட்டி எதற்கு?

பெரியப்பாவின் சிவப்பு வயலுக்கு வருவோம். பயிர் கருகவில்லை, நன்றாக இருந்தது. பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். அதைத்தான் படத்தில் சிவப்பாகக் காட்டுவோம். அந்தக் கேமராவில் நீலத்துக்கு உணரியே கிடையாது, காற்றில் அதிகம் சிதறிப் படத்தைப் புகைமூட்டமாக்குவது நீலம்தான். ஆனால் இந்த "மட்டமான" படத்தில்தான் தண்ணீர் கன்னங்கரேலென்று தனியே தெரியும். கோடையில் வறண்ட கண்மாய்க்குள் கருவேலம் மட்டும் சிவப்பாக நிற்கும். 31 சென்டிமீட்டர் படம் கொடுத்திருந்தால் எங்கள் வேலை முடிந்தே இருக்காது.

கூகுள் மேப் பற்றி ஒன்று. "செயற்கைக்கோள்" என்று பெயர் போட்டிருந்தாலும் அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் மிகத் தெளிவாகத் தெரிபவை பெரும்பாலும் விமானத்திலிருந்து எடுத்தவை. அப்புறம், அது நேரலையும் கிடையாது. வெவ்வேறு நாட்களில் மேகமில்லாமல் கிடைத்த துண்டுகளைத் தைத்த ஒட்டுப்போர்வை. அதனால்தான் சாலைக்கு இந்தப் பக்கம் பசேலென்றும் அந்தப் பக்கம் காய்ந்தும் இருக்கும். பறக்கும் விமானம் எப்போதாவது படத்தில் சிக்கினால், பக்கத்தில் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பேய் மாதிரி நகல்கள் தெரியும். ஒவ்வொரு நிறத்தையும் நொடிப்பொழுது இடைவெளியில் தனித்தனியாகப் பதிவதன் விளைவு. நாசா 2002-ல் வெளியிட்ட முழுப் பூமிப் படமும் இப்படித் தைத்ததுதான். 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17 விண்வெளி வீரர்கள் பிலிமில் எடுத்த புகழ்பெற்ற பூமிப் படம் மட்டும் ஒரே கிளிக். அதன் மேல்மூலையில் தெரியும் வெள்ளைச் சுழி, இரண்டு நாள் முன்பு தமிழ்நாட்டை அடித்த புயல். எனக்குப் பிடித்த பூமிப் படம் இன்றும் அதுதான்.

மறைப்பது பற்றி: அமெரிக்க நிறுவனங்கள் 50 சென்டிமீட்டரைவிட நுணுக்கமான படங்களை விற்கத் தடை இருந்தது, 2014-ல் அதை 25 ஆகத் தளர்த்தினார்கள். இஸ்ரேல் பகுதிக்கென்று அமெரிக்கா தனிக் கட்டுப்பாடே வைத்திருந்தது, அது தளர்ந்தது 2020-ல். ராணுவ இடங்களைச் சில நாடுகளில் மங்கலாக்குவதும் நடக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட புயல் படத்தில் யாரும் கைவைக்கவில்லை.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற ஐரோப்பிய இணையதளத்தில் சென்டினல்-2 படங்கள் இலவசம், தேதி வாரியாக இருக்கும். உங்கள் ஊருக்குப் பிப்ரவரி அல்லது மார்ச் தேதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நவம்பரைத் திறந்தால் பெரும்பாலும் மேகம்தான் தெரியும்.