அக்கா தங்கைகளின் தீவுப் பயணம்: வாசகியர் கேள்வி பதில்

உடன்பிறந்த பெண்கள் மட்டும் சேர்ந்து அந்தமான் போன்ற தீவுகளுக்குச் சென்றுவருவது குறித்துத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் அக்கா தங்கைகள் நான்கு பேர். பெரியக்காவுக்கு 63 வயது. சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. சின்னக்கா கணவரை இழந்தவர். இரண்டு கறவை மாடுகளை வைத்துக் குடும்பத்தை நடத்துகிறார். நான் மூன்றாமவள். கடைசித் தங்கை பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். நால்வரும் ஒருமுறை அந்தமான் சென்றுவர வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. முழுச் செலவையும் தானே ஏற்பதாகச் சொல்கிறாள். ஆனால் சின்னக்கா, "தங்கச்சி காசில் ஊர் சுற்றினேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்" என்று மறுக்கிறார். பெரியக்காவோ, "என்னையும் இழுத்துக்கொண்டு அலையாதீர்கள், நீங்கள் போய்வாருங்கள்" என்கிறார். இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
— வாசகி, பென்னாகரம்

பதில்: சம்மதிக்க வைப்பதை விட, அவர்கள் சம்மதிக்கக்கூடிய பயணமாக அதை மாற்றுவதுதான் நீங்கள் செய்ய வேண்டியது. சின்னக்காவின் மறுப்பை வீம்பு என்று தள்ளிவிடாதீர்கள். பால் ஊற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றிய ஒருவர், தன் கைக்காசு ஒரு ரூபாயும் இல்லாமல் கடல் கடந்து போய்வருவதற்குத் தயங்குவது முறையானதே. மேலும், முழுச் செலவையும் ஒருவர் ஏற்றுக்கொண்டால், எந்த விடுதி, எந்தப் படகு, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதையெல்லாம் அவரே முடிவுசெய்வதும் வழக்கமாகிவிடும். மற்ற மூவரும் விருந்தாளிகளைப் போல அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். உங்கள் தங்கைக்கு அப்படி ஓர் எண்ணம் இல்லை என்றாலும் பணம் அந்த நிலையைத் தானே உண்டாக்கிவிடும்.

பொதுப் பணத்தைக் கையாளும் முறையை நம் பகுதிப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1989இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது தர்மபுரி மாவட்டத்தில்தான். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அன்று அதற்குள் அடங்கியிருந்தது. அந்தக் குழுக்களில் வேர்விட்ட வழக்கத்தையே இங்கும் கைக்கொள்ளுங்கள். மாதச் சேமிப்பு எவ்வளவு என்பதைச் சின்னக்காவே சொல்லட்டும். அந்தத் தொகையையே நால்வரும் கட்டுங்கள். பெங்களூரில் சம்பாதிப்பவளும் அதற்கு மேல் ஒரு ரூபாய் போடக் கூடாது. ஓராண்டு சேரும் பணத்தில் சாப்பாடு, ஆட்டோ, படகுக் கட்டணம், சில்லறைச் செலவு ஆகியவை நடக்கட்டும். விமானச் சீட்டையும் அறை வாடகையையும் தங்கை தன் அன்பளிப்பாக ஏற்பது தனி. அதை முதல் நாளே நால்வர் முன்னிலையில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பொதுப் பணப்பையும் கணக்கு நோட்டும் சின்னக்காவின் கையில் இருக்கட்டும். பயணத்தில் பணப்பையை வைத்திருப்பவரை யாரும் ஒட்டிக்கொண்டு வந்தவர் என்று சொல்ல முடியாது.

அவருடைய மறுப்புக்குள் மாடுகளைப் பற்றிய கவலையும் இருக்கக்கூடும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம். பழகாத கைக்கு மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பது மாடு வைத்திருப்பவர்கள் அறிந்தது. ஆகவே, கறக்கப் போகிற ஆள் யாராக இருந்தாலும், ஒரு வாரம் முன்பே வந்து அவரோடு சேர்ந்து கறந்து பழக வேண்டும். சினைபிடித்துப் பால் வற்றியிருக்கும் மாதமாகப் பார்த்துத் தேதி குறித்தால் சுமை பாதியாகக் குறையும். விமானச் சீட்டின் விலையைப் பார்த்துத் தேதி வைப்பதை விட, இந்த வீட்டுக்கு அதுதான் சரியான கணக்கு.

பெரியக்காவின் முழங்காலைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பயணத்திட்டம் முழுவதையும் அவருடைய காலுக்கு ஏற்றபடி போடுங்கள். "அக்கா அறையில் இருக்கட்டும், நாம் போய்வருவோம்" என்ற பேச்சு முதல் நாளிலேயே எழுந்தால், சேர்ந்து போனதன் பொருளே போய்விடும். அந்தமானில் அவருக்கு ஏற்ற இடங்கள் நிறையவே உண்டு. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்குள்ள செல்லுலார் சிறை 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏழு கிளைகளில் மூன்றுதான் இன்று எஞ்சியிருக்கின்றன. மாடிப்படி ஏற முடியாதவர்கள் முற்றத்திலிருந்தே அதன் அமைப்பைப் பார்க்கலாம். மாலையில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சியும் உட்கார்ந்து பார்ப்பதுதான். ராஸ் தீவு என்றிருந்து 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் பெற்ற இடத்தில் ஏற்றத்தில் நடக்க வேண்டாம். பேட்டரி வண்டி உண்டு. ஹேவ்லாக் என்ற சுவராஜ் தீவின் ராதாநகர் கடற்கரை அகலமானது, மணல் மெத்தென்று சமமாக இருக்கும். அங்கே அவர் உங்களோடு அலையில் கால் நனைக்கலாம்.

நீல் தீவின் இயற்கைப் பாலப் பாறைக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டாம். நீர் வடிந்த நேரத்தில் பாசி படிந்த பாறைகளின் மேல் நடந்துதான் அங்கே சேர முடியும். நல்ல முழங்காலுக்கே அது சோதனை. விடியாத நேரத்தில் கிளம்பி நெடுந்தூரம் வண்டியில் சென்று திரும்பும் பாராடாங் பயணத்தையும் விட்டுவிடுங்கள். அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் ஊடே செல்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தின் வாழிடத்தை வண்டிச் சன்னல் வழியே எட்டிப்பார்ப்பது நமக்குத் தேவையும் இல்லை.

படகில் ஏறும் இடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். துறைமேடை அசையாமல் இருக்கும். படகு அலையோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். படகின் தளம் மேடை மட்டத்துக்கு உயரும் அந்த நொடியில் கால் வைக்க வேண்டும்; பணியாளர் கை நீட்டுவார், அவருடைய விரல்களைப் பற்றாமல் முன்கையைப் பற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பைகளை முன்னதாகவே உள்ளே கொடுத்துவிட்டு, பெரியக்காவுக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் நில்லுங்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவருக்கு இது புதிதல்ல, ஆனால் உயரம் கூடுதல்.

சர்க்கரை உள்ளவர்கள் மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அங்குள்ள கரைகளில் உடைந்த பவளத்துண்டுகள் கிடக்கும். கத்தி போல அறுக்கும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் வெட்டுப்பட்டது மாலை வரை தெரியாமலே போகலாம். பின்வாருள்ள ரப்பர் செருப்பு போதும். இன்சுலினைக் கைப்பையிலேயே வைத்திருங்கள், சரக்கில் போடும் பெட்டியில் வேண்டாம். படகில் குமட்டல் வரும் என்றால், மருத்துவரைக் கேட்டு, புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை கொடுங்கள். சர்க்கரை மாத்திரை போட்ட பிறகு சாப்பிட்டதை வாந்தியெடுத்துவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ஆகவே குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று உங்கள் மடியில் எப்போதும் இருக்கட்டும்.

தேவனஹள்ளி விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே இருப்பதால், நம் பக்கத்திலிருந்து செல்பவர்கள் நகரம் முழுவதையும் கடந்தாக வேண்டும். முதல் நாள் இரவே தங்கை வீட்டுக்குச் சென்று தங்கிவிடுங்கள். நால்வரும் ஒரே கூரையின் கீழ் படுத்துப் பேசும் முதல் இரவு அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி: எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் மே மாதக் கடைசியில் அக்காவும் நானும் அந்தமான் செல்லலாம் என்று நினைக்கிறோம். கப்பலில் சென்றால் செலவு குறையும் என்கிறார்களே?
— வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: மே மாதக் கடைசி இரண்டு வகையிலும் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மூன்றாம் வாரத்தை ஒட்டி அந்தமான் கடலுக்கு வந்துவிடும். காற்றும் அலையும் மிகுந்தால் தீவுகளுக்கிடையேயான படகுகளை நிறுத்திவிடுவார்கள்; ஒரு தீவில் மாட்டிக்கொண்டு திரும்பும் விமானத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. உங்கள் தோப்பிலோ அப்போதுதான் பெங்களூரா காய்ப் பறிப்பும் கூழ் ஆலைக்கு லோடு அனுப்புவதும் மும்முரமாக இருக்கும். விலை நாளுக்கு நாள் மாறும் அந்த வாரங்களில், தீவில் உட்கார்ந்துகொண்டு கைபேசியில் வியாபாரியிடம் பேரம் பேசுவதற்காகவா அவ்வளவு தூரம் போவது?

தைப் பொங்கல் முடிந்த பிறகு, மாசி முடிவதற்குள் சென்றுவாருங்கள். கடல் அமைதியாக இருக்கும், வெயிலும் தாங்கக்கூடியது. மரம் பூவெடுக்கும் நேரம் என்பதால் மருந்தடிக்கும் பொறுப்பை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியாதே என்று கேட்பீர்கள். பிள்ளைகளோடு சென்றால் அது குடும்பச் சுற்றுலா. அக்காவும் நீங்களும் அங்கேயும் யார் சாப்பிட்டார்கள், யார் நனைந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இந்த ஒரு முறையாவது இருவர் மட்டும் செல்லுங்கள் என்பதே என் ஆசை.

சென்னையிலிருந்து செல்லும் கப்பல் சேர்வதற்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். தினமும் கப்பல் கிடையாது. போக வர ஒரு வாரம் கடலிலேயே கழியும். ஓய்வுபெற்றவர்களுக்கு அது பொருந்தலாம். தோப்பையும் பிள்ளைகளையும் விட்டுவரும் உங்களுக்குப் பொருந்தாது. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான்.

மற்றொன்று: அங்கே பொழுது நமக்கு முன்பே சாயும். தர்மபுரியை விட அந்தமான் கிழக்கே ஏறத்தாழ 14 பாகை தள்ளியிருக்கிறது. கடிகாரம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் சூரியன் அங்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னதாக உதித்து முன்னதாகவே மறையும். டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே பொழுது இறங்கிவிடும். மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கடற்கரைக்குக் கிளம்பும் வழக்கம் அங்கே ஒத்துவராது. கடற்கரையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்லும் சகோதரிகள். மாலத்தீவா, அந்தமானா என்று முடிவுசெய்ய முடியவில்லை. ஆழ்கடலில் முக்குளித்துப் பவளப்பாறைகளைப் பார்க்க வேண்டும் என்பது தங்கையின் ஆசை. எங்களுக்குக் கிணற்று நீச்சல் நன்றாகத் தெரியும்.
— வாசகி, ஓசூர்

பதில்: இருவரிடமும் பாஸ்போர்ட் இருந்தால் மாலத்தீவு கடினமில்லை, இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் விசாவைக் கட்டணமின்றித் தருகிறார்கள். தனித்தீவுச் சொகுசு விடுதிகள் விலை மிக்கவை. ஆனால் 2009க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களை அனுமதித்திருப்பதால் நடுத்தர வருமானத்திலும் சென்றுவர முடியும். அது இசுலாமிய நாடு. ஊர்த்தீவுகளில் உடை விஷயத்தில் அவர்கள் முறையை மதித்து நடக்க வேண்டும். முதல் பயணம் என்றால் நான் அந்தமானையே சொல்வேன். இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம், ஆதார் போதும். தமிழர்கள் கணிசமாக வாழும் இடம், கடையிலும் ஆட்டோவிலும் தமிழ் காதில் விழும். ஏதாவது ஒன்று என்றால் கேட்பதற்கு ஆள் உண்டு.

கிணற்று நீச்சலை மட்டும் நம்பிக் கடலில் இறங்காதீர்கள். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் கரையை அடித்துவிட்டு உள்ளே இழுக்கும். அந்தமானின் சில பகுதிகளில் உவர்நீர் முதலைகளும் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் முழங்கால் அளவுக்குக்கூட இறங்க வேண்டாம். பயிற்சியாளரோடு செய்யும் முக்குளிப்புக்கு நீச்சல் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுத் தொல்லை இருந்தால் அவர்கள் தரும் உடல்நலப் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். முக்குளித்த பிறகு ஒரு முழு நாள் கழித்தே விமானம் ஏற வேண்டும். நீருக்கடியில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குச் சென்றால் அது குமிழியாகி உடலைத் தாக்கும். ஆகவே முக்குளிப்பைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பவளத்துண்டை நினைவுப்பொருளாக எடுத்துவரவும் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 அதைத் தடுக்கிறது, விமான நிலையச் சோதனையில் பிடிபடுவீர்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பெண்கள், ஓர் அண்ணன். அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார். நாங்கள் மூவரும் அந்தமான் செல்வதாகப் பேசியதும் அண்ணி, "என்னையும் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். தங்கைகளுக்கு அதில் விருப்பமில்லை.
— வாசகி, அரூர்

பதில்: சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்குக் காலையில் வெந்நீர் வைத்துக்கொடுப்பது முதல் இரவு மாத்திரை எடுத்துக்கொடுப்பது வரை செய்துகொண்டிருப்பவர் அவர். அவர் வீட்டில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் நீங்கள் மூவரும் கவலையில்லாமல் கிளம்ப முடிகிறது. அந்தச் சில நாள் அம்மாவை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும், மகன்தானே. அம்மாவைத் தனியே அண்ணன் பொறுப்பில் விட முடியாத நிலை என்றால், நீங்கள் மூவரில் ஒருவர் மாறி மாறி வந்து தங்கி, அண்ணியும் தன் அக்கா தங்கைகளோடு எங்கேனும் சென்றுவர வழிசெய்யுங்கள்.

அழைத்துச் செல்வதாக முடிவானால், இரண்டு அறைகளில் தங்கைகள் இருவரும் ஓர் அறையில் இருக்கட்டும். நீங்கள் அண்ணியோடு தங்குங்கள். நாத்தனார்கள் மூவர் கூடிப் பேசும் இடத்தில் அவர் தனித்துவிடக் கூடாது. சீட்டு எடுப்பதற்கு முன் நால்வரின் ஆதார் அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு அப்பாவின் இனிஷியல், ஒருவருக்குக் கணவரின் இனிஷியல், மற்றொருவருக்கு முழுப்பெயரும் சேர்ந்து இருக்கும். விமானச் சீட்டிலும் ஆதாரில் இருப்பதைப் போலவே பெயர் இருக்க வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயரில் எடுத்துவிட்டு விமான நிலைய வாசலில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.